பின்னணியில் ஓர் இரைச்சல்

மின்விசிறியை நிறுத்திவிட்டேன். நிறுத்திய மறு நொடியே பின்கழுத்தில் வியர்வை ஆரம்பித்துவிட்டது, இதற்காகவே காத்துக்கொண்டிருந்தது போல. ஃபிரிட்ஜை அணைத்தாயிற்று. மீன் தொட்டியின் மோட்டாரை அணைத்தாயிற்று, மீன்கள் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும், நான் இருக்கவில்லையா. வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். ஜன்னல் கண்ணாடியைச் சாத்தி அதன்மேல் குணசேகரின் வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டியிருக்கிறேன், வெயில் நேராக அடித்தால் ஒரு கன்னம் வெளுத்து ஒரு கன்னம் இருண்டுபோகிறது, வேட்டி வழியாக வந்தால் சலித்த மாவு போலப் பரவலாக விழுகிறது. முதுகுக்குப் பின்னால் கொடிக்கயிற்றில் மெரூன் போர்வை. தரையில் மெத்தை, சோபா நிறையத் தலையணை, எதிரொலி வரக்கூடாதாம். ஒரு பொம்பளை வாய் திறந்து பேசுவதற்கு ஒரு வீட்டையே மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது. திருவெறும்பூர் வெயிலில், பங்குனி மாசத்தில், மெத்தையும் போர்வையும் சூழ உட்கார்ந்துகொண்டு சிரித்த முகமாக இருக்க வேண்டும். 'கொஞ்சம் ஸ்மைல் பண்ணுங்க மேம்.' நிவேதா சொன்னது. அந்த ஆன்லைன் டியூஷன் கம்பெனியில் என்னோடு பேசுகிற பெண். என்னிடம் படித்துவிட்டுப் போனவர்களின் வயதுதான் இருக்கும். 'கன்டென்ட் சூப்பர் மேம், ஆனா ஆடியோ வீடியோ நல்லா இல்லன்னா பசங்க ஸ்கிப் பண்ணிடுவாங்க மேம், இன்னிக்கு ஈவினிங் அனுப்புறதுதான் லாஸ்ட் மேம்.' வாக்கியத்துக்கு ஒரு மேம் போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பிளஸ் ஒன் விலங்கியலுக்கு ஒரே ஒரு இடம் இருக்கிறது. அதற்கு என்னையும் இன்னொருவரையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதையும் விட்டால் எனக்கு வேறு கதவு கிடையாது, பள்ளிக்கூடங்களில் கேட்டுப் பார்த்துவிட்டேன், 'நடுவுல கேப் இருக்கே' என்கிறார்கள், கேப்பாம், நான் என்ன அந்த நேரத்தில் ஊர் சுற்றிக்கொண்டா இருந்தேன். சாயங்காலத்துக்குள் இது போயாக வேண்டும். குணசேகர் தன் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். சொட்டு மருந்து விட்டு, கண் விரிந்து, டாக்டர் பார்த்து, வர நேரமாகும். வீடு என் கையில் இருக்கிறது, இப்போது விட்டால் எப்போதும் இல்லை.

இதயம். அதுதான் கொடுத்திருக்கும் பாடம். மனித இதயம் நான்கு அறைகளைக் கொண்டது, சொல்லு, ஆரம்பி, ஏன் உட்கார்ந்திருக்கிறாய். ஆரம்பிக்க முடியவில்லை, முதல் வீடியோ நினைவுக்கு வந்து தொலைக்கிறது. அதில் நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்பு அடித்தது போல் சுவர் பளீரென்று இருந்தது, நான் இருந்த இடத்தில் ஓர் இருட்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தது. நிவேதா மென்று விழுங்கி, 'ஃபேஸ் கொஞ்சம் டல்லா இருக்கு மேம், லைட்டா மேக்கப் ட்ரை பண்ணலாமா' என்றாள். குணசேகர் அவ்வளவு கூட மென்று விழுங்கவில்லை. 'உன் கலருக்கு லைட்டு கொஞ்சம் அதிகமா வேணும் சுகந்தி, அதுல என்ன கோபம், உள்ளதத்தானே சொல்றேன்' என்றார். உடனே ஒரு வட்ட விளக்கை வரவழைத்தார், முக்காலி மேல் நிற்கும் அதை என் மூஞ்சிக்கு நேராக வைத்துப் போட்டார், என் மூக்குக் கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையங்கள் உட்கார்ந்துகொண்டன, கண்ணே தெரியவில்லை. அப்புறம் செல்போனில் ஏதோ ஒன்றைத் தட்டினார், நான் வெளுத்தேன். மூக்கு சின்னதாயிற்று. 'பாரு, எப்படி இருக்கே' என்றார், அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அந்தச் சந்தோஷம் அந்த முகத்தில் வந்ததில்லை. என் மூஞ்சியை அழித்துவிட்டு வேறொருத்தியைக் கொண்டுவந்தால்தான் வருகிறது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் அனுப்பிய போட்டோவிலும் இதையேதான் செய்தார்கள், ஸ்டூடியோக்காரர் பவுடரை அப்பி வெள்ளைத் திரைக்கு முன்னால் நிறுத்தினார், நேரில் பார்த்த அத்தை, 'போட்டோல ஒரு மாதிரி இருந்துச்சு' என்று மட்டும் சொன்னார். யாரும் சொல்லித் தராமல் நான்தான் கண்டுபிடித்தேன், மத்தியானம் முழுக்க நாற்காலியை ஹாலில் இழுத்து இழுத்துப் போட்டு. பின்னால் வெளிச்சம் இருந்தால் இந்தச் செல்போன் அதைப் பார்த்து மலைத்துப்போய், போதும் போதும் என்று முன்னால் இருப்பதை இருட்டாக்கிவிடுகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன், பின்னால் மெரூன் போர்வையைக் கட்டினேன், ஒரு விளக்கும் போடவில்லை, பவுடரும் இல்லை. நான் வந்தேன். நெற்றி, கன்னம், மூக்கின் மேல் இருக்கிற மச்சம் எல்லாம் வந்தது. நான் கறுப்பில்லை என்று சொல்ல வரவில்லை, கறுப்புதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் போகிற அளவுக்குக் கறுப்பில்லை. அத்தனை வருஷமும் என்னை வெள்ளைச் சுவர்களுக்கு முன்னாலேயே நிறுத்தி வைத்துவிட்டு, தெரியவில்லை தெரியவில்லை என்று என்னையே குற்றம் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படித் திருப்பிப் போட்டதில் ஒரு வில்லங்கம். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் மாமாவைப் பார்த்து உட்கார வேண்டும். ஜன்னலை ஒட்டிய சுவரில்தான் மாமாவின் போட்டோ மாட்டியிருக்கிறது, சந்தன மாலை போட்டு, கீழே சின்னப் பலகையில் எரியும் சுடர் வடிவ மின்விளக்கோடு, அதற்குக் கீழே என் செல்போன் நிற்கும் முக்காலி. இரண்டாவது வீடியோவைப் பார்த்துவிட்டு நிவேதா, 'ஃபேஸ் இப்ப சூப்பர் மேம், ஆனா கேமராவப் பாக்காம அடிக்கடி மேல பாக்கறீங்க மேம்' என்றாள். பார்க்காமல் என்ன செய்வது. பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு இந்த ஹாலில், இதே ஜன்னலோரம்தான் அவர் உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்து அதட்டியதே கிடையாது, எல்லோரும் சொல்வார்கள், உங்க மாமனார் மாதிரி தங்கமான மனுஷன் உண்டா, ஒரு வார்த்தை அதிர்ந்து பேசுவாரா. அவர் எதற்குப் பேச வேண்டும். சமையலறையில் நானும் அத்தையும் பேசுகிற சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் பத்திரிகைக்கு மேலே ஒரு விரல் எழும்பும், அவ்வளவுதான். அத்தை உடனே, 'மெல்லப் பேசு, மெல்லப் பேசு' என்பார். நான் சிரித்தால் விரல். போனில் என் அம்மாவோடு பேசினால் விரல், அவள் அந்தப் பக்கம் காது கேட்காமல் என்ன என்ன என்று கத்துவாள். குணசேகருக்கு விரல் வரவில்லை, அவருக்கு 'ப்ச்' வந்தது, பரம்பரையில் ஏதாவது ஒன்று இறங்காமலா போகும். பிறகு மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. 'உன்ன விட்டா யாரு பாத்துப்பா' என்றார்கள், ஏன், அவர் பெற்ற மகன் பார்த்துக்கொள்ளக் கூடாதா, அதை நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது, பள்ளிக்கூட வேலையை விட்டேன். துடைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன், கஞ்சி புகட்டினேன், அதைச் சொல்லிக் காட்டவில்லை, படுத்துவிட்ட மனுஷனுக்கு யாரும் செய்வதுதான். ஆனால் ஒன்று சொல்வேன். வலப்பக்கம் முழுவதும் போய், பேச்சு போய், எல்லாம் போன பிறகும் இடது கையின் அந்த ஒரு விரல் மட்டும் போகவில்லை. ஒரு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய மாணவன் ஒருத்தன் போன் செய்தான் என்று கொஞ்சம் கலகலவென்று பேசிவிட்டேன். விரல் எழும்பியது. நான் குரலை இறக்கினேன். பேசவே முடியாத மனுஷனுக்குப் பயந்து குரலை இறக்கினேன்.

சரி, ஆரம்பி. செல்போனில் அந்தச் சிவப்புப் பொட்டைத் தொடு. மனித இதயம் நான்கு அறைகளைக் கொண்டது, மேலே இரண்டு, கீழே இரண்டு. நிறுத்து. ஹெட்போனைப் போட்டுக் கேள். இருக்கிறது, அது இன்னும் இருக்கிறது, அந்த ர்ர்ர். இரண்டாவது வீடியோவில் வந்ததே அதே இரைச்சல். குளவி ஒன்று சுவருக்குள் அடைபட்டுக் கிடப்பது போல என் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்காக என்னவெல்லாம் செய்தாயிற்று. குணசேகர் ஃபேன் என்றார், ஃபிரிட்ஜ் என்றார், 'மைக்கு லோக்கல்' என்று வேறு காலர் மைக் வாங்கிவந்தார், 'சுவர்ல முட்டை அட்டை ஒட்டினா போயிடும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அட்டைகளை அடுக்கினார், அத்தை அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கூட உட்கார்ந்து பார்த்தேன், அங்கே, அங்கே இந்த இரைச்சல் இல்லை. இரு. அங்கே இல்லை. முதல் வீடியோவிலும் இல்லை, அதில் மூஞ்சிதான் தெரியவில்லை, சத்தம் சுத்தமாக இருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்ட பிறகுதான் வந்தது. திருப்பிப் போட்டதும் எது பக்கத்தில் வந்தது. மைக் ஒயரைக் கையில் எடுத்து எழுந்து நிற்கிறேன், ஹெட்போன் காதிலேயே இருக்கிறது. டிவி பக்கம் கொண்டுபோனால் இரைச்சல் குறைகிறது. ஜன்னல் பக்கம் கூடுகிறது. பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன், காதைக் கிழிக்கிறது. மாமா. மாமாவின் விளக்குதான் இது. அது சொருகியிருக்கிற அந்தக் கறுப்பு டப்பா ஓயாமல் இரைகிறது, என் ஒயர் அதற்குக் கீழேதான் போகிறது. வீட்டில் கரண்டில் ஓடுகிற எல்லாவற்றையும் கணக்கெடுத்து அணைத்தோம், மீன் தொட்டி வரைக்கும் போனோம், மூன்று பேருக்கும் இது ஒன்று தோன்றவில்லை. எப்படித் தோன்றும். ஃபேன் என்றால் ஃபேன், ஃபிரிட்ஜ் என்றால் ஃபிரிட்ஜ், இதை யாரும் கரண்டில் ஓடுகிற சாமானாக நினைக்கவே இல்லையே, இது மாமா. போட்டோவுக்குள் போன பிறகும் என் பேச்சுக்குக் கீழே உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கிறார்.

பிடுங்கு. யாரும் இல்லை, பிடுங்கு. கை போகிறது, சுவிட்சுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. தலைத் திவசம் வரைக்கும் அணையக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார், ஒரு வருஷம் அவர் ஆன்மா இந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வந்து போகுமாம். கரண்டு போனால் போதும், இருட்டில் அத்தை முழங்கால் வலியோடு ஓடிவந்து நல்லெண்ணெய் விளக்கை ஏற்றுவார், மற்ற நேரத்தில் அடுப்படி வரைக்கும் நடக்க முடியாது. குணசேகர் துடைக்கும்போது கூட சுவிட்சை அணைக்க மாட்டார், ஷாக் அடித்தாலும் பரவாயில்லை. நான் விலங்கியல் படித்தவள். தவளையை அறுத்து, துடிக்கிற இதயத்தைக் கையில் வைத்துக் காட்டியவள். ஆன்மா எந்த அறையில் இருக்கிறது என்று ஒரு வெட்டுத்தோற்றத்திலும் நான் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் கை நிற்கிறதே, இந்தக் கையை என்ன செய்வது. அவர்கள் மேல் வருகிற கோபத்தையெல்லாம் விட இந்தக் கையின் மேல் வருகிறது கோபம். பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. போட்டோவின் கண்ணாடியில் என் மூஞ்சி தெரிந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஓடிவந்து உட்கார்ந்து, சிவப்புப் பொட்டைத் தொட்டு, மனித இதயம் நான்கு அறைகளைக் கொண்டது, வால்வுகள் ரத்தத்தைத் திரும்பி வரவிடாது, வால்வு மூடும்போது எழுகிற சத்தம்தான் நாம் கேட்கிற லப்-டப், எல்லாம் சொல்லி நிறுத்திக் கேட்கிறேன். இரைச்சல் இல்லை. துடைத்துவிட்டது போல் இருக்கிறது.

இரைச்சல் இல்லாத அந்தச் சுத்தத்தில் ஒருத்தி பேசுகிறாள். யார் இவள். மாதச் சம்பளம் பிடித்துவிடாதீர்கள் என்று கெஞ்சுகிற குரல் இது, தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் இதயத்துக்கு நான்கு அறை இருக்கிறது என்கிறாள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரல் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது, கொண்டது என்பதில் டது கேட்கவே இல்லை. நிவேதா இதையும் சொன்னாள், 'வாய்ஸ் ரொம்ப லோவா இருக்கு மேம், மைக் வால்யூம் ஏத்துங்க' என்று, அதனால்தான் நானும் ஏற்றினேன், கடைசி வரைக்கும் ஏற்றினேன், ஏற்றியதில் என் குரல் எவ்வளவு ஏறியதோ அதே அளவு அந்த விளக்கின் முனகலும் ஏறியது. விளக்கு எப்போதும் இருக்கிற அளவில்தான் இருந்தது. நான் இறங்கியிருந்தேன். அடுத்த கட்டடத்து வாத்தியார், 'டீச்சர், உங்க பாடத்த என் கிளாஸ் பசங்களும் கவனிக்கிறானுங்க, கொஞ்சம் பாத்து' என்று ஒரு காலத்தில் சிரிப்பார். மைக் கிடையாது, காலர் கிடையாது, அறுபது பிள்ளைகள், ஜன்னலுக்கு வெளியே லாரி. அந்தக் குரல் எங்கே போயிற்று, நான் எங்கே வைத்தேன். யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை, அதுதான் ஆத்திரமாக இருக்கிறது, யாராவது அடித்துப் பிடுங்கியிருந்தால் ஊரைக் கூட்டியிருக்கலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நானே இறக்கிக் கொடுத்திருக்கிறேன், சமையலறையில் கொஞ்சம், போனில் கொஞ்சம், கட்டிலோரத்தில் கொஞ்சம், நல்ல மருமகள் என்று பெயர் வாங்கிக்கொண்டேன். நல்ல மருமகள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு வீடியோ கூட எடுக்க முடியவில்லை. இன்னொருவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டு, கன்டென்ட் சூப்பர் மேம் என்று எனக்கு ஒரு மெசேஜ் போடுவாள் அந்தப் பெண், நான் திரும்ப ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டு ராத்திரிக்கு மாவு கரைக்கப் போவேன்.

எழுந்து போய் மாமாவின் விளக்கைத் திரும்பச் சொருகினேன். எரியட்டும். அத்தை சொல்கிற ஆன்மா வந்து போகட்டும், அதில் எனக்கென்ன. உங்களை அணைத்துவிட்டுத்தான் நான் பேச வேண்டுமென்றால் உங்களுக்குப் பயந்தவள் என்றுதானே அர்த்தம் மாமா. ஏற்றி வைத்திருந்த மைக் வால்யூமைக் கீழே இறக்கினேன், பாதிக்கும் கீழே. மைக்கைச் சேலை மடிப்பிலிருந்து எடுத்துக் கழுத்துக்குக் கீழே கிட்டத்தில் குத்தினேன். ஒயரைச் சுவரிலிருந்து விலக்கி நாற்காலியின் மறுபக்கமாக விட்டேன். உட்காரவில்லை. உட்கார்ந்து நான் எப்போது பாடம் நடத்தினேன், முக்காலியை உயர்த்தி, நின்றேன். வியர்வை கண்ணில் இறங்குகிறது, இறங்கட்டும், சிரிக்கவும் போவதில்லை. சிவப்புப் பொட்டு. "எல்லாரும் கைய நெஞ்சுல வைங்க. வச்சீங்களா. இப்ப ஒருத்தரும் பேசாதீங்க, அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க." என் சத்தம் போர்வையில் மோதி, மெத்தையில் மோதி, மிச்சம் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. எனக்கே முதலில் திடுக்கென்றது. பிறகு இல்லை. மேலறை, கீழறை, கெட்ட ரத்தம் என்று யாரும் எழுதாதீங்க, ரத்தத்துல கெட்டது கிடையாது, ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தம்னு எழுதுங்க, கையை மடக்கி விரித்துக் காட்டுகிறேன், வார்த்தை தானாக வருகிறது, நான் தேடவில்லை. கண் கேமராவிலேயே நிற்கிறது, மேலே போகவில்லை, மேலே என்ன இருக்கிறது.

பாதியில், பக்கவாட்டுக் கதவு திறக்கிற சத்தம். வந்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரமாகவா. சாப்பாட்டு அறையில் செருப்பைக் கழற்றுகிறார்கள், நாற்காலியில் உட்காருகிறார்கள், தண்ணீர் சொம்பு வைக்கிற ஓசை, எல்லாம் கேட்கிறது, இந்தப் போர்வைக்கு அந்தப் பக்கம்தான். நல்லா போய்க்கொண்டிருக்கிற டேக். நான் நிறுத்தவில்லை. "இடது கீழறையோட சுவர்தான் தடிமன், ஏன்னா அதுதான் உடம்பு பூரா தள்ளணும்." அத்தையின் குரல் வருகிறது. "என்னடா இது, தெருமுனை வரைக்கும் கேக்குது. அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாங்க, மெல்லப் பேசச் சொல்லு." குணசேகர், "ப்ச். வீடியோ எடுக்கறாம்மா" என்கிறார். "அதுக்கு இப்பிடியா. உங்கப்பா இருந்தா..." "இரும்மா, சொல்றேன். சுகந்தி, ஏய் சுகந்தி, கொஞ்சம் மெல்ல." எல்லாம் மைக்கில் விழுந்திருக்கும். மூன்றாவது வீடியோவும் போயிற்று. லாஸ்ட் மேம், போயிற்று. கை சிவப்புப் பொட்டை நோக்கிப் போக வேண்டும், போகவில்லை. என்ன வருகிறது என்று எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே வாயிலிருந்து வந்துவிட்டது, கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல், அடிவயிற்றிலிருந்து.

"பின்னால யாரு பேச்சு? எந்திரிச்சு நில்லு."

வீடு அப்படியே நின்றது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பிறகு போர்வைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம். கொஞ்சம் பொறுத்து, முழங்கால் முட்டி ஒன்று சொடக்குவிட, இன்னொரு நாற்காலி. நான் பாடத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். இடது கீழறையிலிருந்து மகாதமனி, அங்கிருந்து தலைக்கு, கைக்கு, காலுக்கு, கடைசி விரல் நுனி வரைக்கும். அவசரப்படவில்லை. ஒரு கேள்வி கேட்டு, பதில் சொல்ல நேரம் கொடுத்து, பதிலையும் சொல்லி முடித்தேன். ஹெட்போனைப் போட்டு முதலிலிருந்து கேட்டேன், விளக்கின் இரைச்சல் எங்கேயும் இல்லை, அத்தை இருக்கிறார், ப்ச் இருக்கிறது, நான் இருக்கிறேன், இரண்டு நாற்காலிகளும் தெளிவாக விழுந்திருக்கின்றன. ஒன்றையும் வெட்டவில்லை. நிவேதாவின் பெயரைத் தேடி, அப்படியே அனுப்புகிறேன், நீலக் கோடு மெல்ல நகர்கிறது. அவர்களை நான் இன்னும் உட்காரச் சொல்லவில்லை.